முழங்கால் காயமும் மேல்முறையீட்டு உரிமையும்



செம்பனைக் குலை சரிந்து முழங்காலில் விழுந்தது என்றும், மழை ஈரத்தில் மேட்டு நிரையில் வழுக்கி முட்டி பிசகியது என்றும் தோட்டங்களில் அடிக்கடி கேள்விப்படுகிறோம். சிகிச்சை முடிந்தும் சிலருக்குக் கால் பழையபடி மடங்குவதில்லை. அத்தகையோருக்கு, 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, சொக்சோ நிரந்தர ஊன உதவித்தொகை வழங்குகிறது. ஊனம் எத்தனை விழுக்காடு என்று முடிவு செய்வது மருத்துவ வாரியம். அந்த விழுக்காடு மிகக் குறைவு என்று தோன்றினால் நாம் என்ன செய்யலாம்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவரின் சராசரி நாட்கூலி 60 வெள்ளி என்று கொள்வோம். முழு ஊனத்திற்கு அதில் 90 விழுக்காடு, அதாவது நாளுக்கு 54 வெள்ளி. அவருக்கு 10 விழுக்காடு ஊனம் என்றால் 5 வெள்ளி 40 காசு. 25 விழுக்காடு என்றால் 13 வெள்ளி 50 காசு. முப்பது நாளுக்கு முன்னது 162 வெள்ளி, பின்னது 405 வெள்ளி.

இன்னொன்றும் உண்டு. மதிப்பீடு 20 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால், ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே மொத்தமாகப் பெறலாம். மீதி மாதந்தோறும் ஆயுள் முழுவதும் வரும். மொத்தப் பணத்துக்கு ஒப்புக்கொள்ளுமுன், அதனால் மேல்முறையீட்டு உரிமைக்குத் தடை வருமா என்று சொக்சோ அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது.

வாரியத்தின் முடிவு இறுதியானதல்ல. அது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்திடம் முறையிடலாம். கடிதம் வந்த தேதியை அன்றே குறித்து வையுங்கள்.

“வலிக்கிறது” என்று எழுதினால் மட்டும் போதாது, சான்று வேண்டும். எலும்பு நிபுணரின் அறிக்கை, எக்ஸ்ரே படம், மருத்துவ விடுப்புச் சீட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். முட்டி எத்தனை பாகை மடங்குகிறது, மூட்டு ஆடுகிறதா என்பதை அறிக்கையில் எழுதும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வயதால் வந்த தேய்மானம் என்று சொல்லப்பட்டால், விபத்தினால் வந்தது எது என்பதையும் அவரே விளக்க வேண்டும்.

வாரியத்தின் முன் நம்மவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. “எப்படி இருக்கிறது?” என்று மருத்துவர் கேட்டால், மரியாதைக்காக “பரவாயில்லைங்க” என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லாதீர்கள். மேட்டில் ஏற முடியவில்லை, குந்த முடியவில்லை, பால்வாளி தூக்க முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி கூறுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெற்றோருக்காகக் கடிதத்தைப் படித்துச் சொல்லுங்கள். தொழிற்சங்கத்தின் உதவியையும் நாடலாம். காலின் பலம் குறைந்தாலும், உழைத்தவரின் உரிமை குறையாமல் பார்த்துக்கொள்வோம்.