பூஞ்சணத்திலும் பன்மை வேண்டும்

கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரங்களில் ஜாவா வம்சாவளியினர் பலர் வாழ்கின்றனர். அவர்களின் பாரம்பரிய உணவான தெம்பே, இன்று பிற இனத்தவரின் சமையலறையிலும் இடம்பெறுகிறது. தோல் நீக்கி வேகவைத்த சோயா அவரையில் ரைசோபஸ் என்னும் பூஞ்சணத்தைக் கலந்து, வாழை இலையில் பொதிந்து ஓரிரு நாள் வைப்பர். வெள்ளை இழைகள் படர்ந்து அவரைகளை ஒரே கட்டியாகப் பிணைக்கும். பழைய ரொட்டியில் கண்டால் நாம் அருவருக்கும் பூஞ்சணம், இங்கே உணவை உருவாக்குகிறது.

ஐரோப்பாவின் நீலப் பாலாடைக்கட்டியும் இத்தகையதே. அதன் நீல நரம்புகள் பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்னும் பூஞ்சணத்தால் உண்டாகின்றன. காற்றுப் புகுவதற்காகக் கட்டியில் ஊசியால் துளையிடுவர். அத்துளைகளின் வழியே பூஞ்சணம் வளரும்.

இப்பூஞ்சணத்திற்குப் பெயர் ஒன்றாயினும் குலம் ஒன்றன்று. 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அதில் நான்கு குழுக்கள் உள்ளதைக் காட்டியது. இரண்டு குழுக்கள் பாலாடைக்கட்டியில் வாழ்கின்றன; மற்றவை மரக்கட்டை, கெட்டுப்போன உணவு, பதப்படுத்திய கால்நடைத் தீவனம் ஆகியவற்றில் காணப்படுகின்றன. பாலாடைக்கட்டிக் குழுக்களுள் ஒன்று, பிரான்சு நாட்டின் ரோக்ஃபோர் ஊருக்கு உரியது. அங்கு உள்ளூர்ப் பூஞ்சணத்தையே பயன்படுத்துவதால் அதில் ஓரளவு பன்மை எஞ்சியுள்ளது. மற்றொன்று உப்பிட்ட பாலாடைக்கட்டியில் விரைந்து வளர்வதால் தொழிற்சாலைகளுக்கு ஏற்றது. ஆனால், அதன் பன்மை மிகவும் குறுகிவிட்டது.

பன்மை குறைந்தால் என்ன நேரும்? வெள்ளைத் தோல் கொண்ட கமெம்பேர் பாலாடைக்கட்டி இதற்குச் சான்று. தூய வெண்ணிறத்தை விரும்பிய உற்பத்தியாளர்கள், ஒரே பூஞ்சண வகையைப் பல்லாண்டுகள் நகலெடுத்து வளர்த்தனர். இன்று அதன் வித்து உருவாக்கும் திறன் நலிந்துவிட்டது. அதனால், உற்பத்திக்குத் தேவையான வித்துகளைப் பெறுவதே கடினமாகிவிட்டது.

தோட்டப்புற மக்களுக்கு இது புரியாத செய்தியன்று. புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா போன்ற இடங்களில் இன்று செம்பனை மிகுந்திருந்தாலும், முன்பு ரப்பர் தோட்டங்கள் பரந்திருந்தன. ஒட்டுக்கட்டி வளர்க்கும் ரப்பர் மரம் தாய்மரத்தின் நகலாகும். அதிகப் பால் தரும் மரத்தைப் பெருக்குவதால் விளைச்சல் உயரும். ஆயினும், ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் அதே வகையைச் சேர்ந்த எல்லா மரங்களையும் வீழ்த்தக்கூடும்.

நம்பிக்கையும் உண்டு. ஆல்ப்சு மலைப்பகுதியின் தெர்மின்யோன் ஊரில், பூஞ்சணத்தைச் சேர்க்காமலே பாலாடைக்கட்டி தானாக நீலமடைகிறது. அதை ஆராய்ந்தவர்கள், முன்பு அறியப்படாத ஐந்தாவது குழுவைக் கண்டறிந்தனர். பெருந்தொழிற்சாலைகள் இழந்த பன்மையைச் சிற்றூரின் பழைய முறை காத்து வைத்திருந்தது. விரைந்து வளர்வதை மட்டும் தேர்ந்தெடுப்பது இன்றைய இலாபம். பல வகைகளையும் பேணுவதே நாளைய பாதுகாப்பு.