அம்மா கொடுத்தனுப்பின வெண்டைக்காய்

இன்னைக்கு வேலை, இன்டர்வியூ, அப்ரைசல் எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு வெண்டைக்காயைப் பத்திப் பேசப் போறோம். ஸ்கிப் பண்ணிடாதீங்க, ஒரு சின்னக் குற்ற உணர்ச்சிக் கதையும் இதுல இருக்கு.

எங்க வீடு திண்டிவனம் பக்கம். கொல்லைப்புறத்துல ஒரு முருங்கை மரம், ஒரு கறிவேப்பிலை, ரெண்டு பாத்தி வெண்டை, கொஞ்சம் கத்திரி, தக்காளி. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போயிட்டுக் கிளம்பும்போதும் அம்மா ஒரு பை நிறைய பறிச்சுக் கொடுப்பாங்க. நான் சென்னை வந்ததும் பையை அப்படியே ஃபிரிட்ஜுக்குள்ள தள்ளிட்டு, போன்ல பிரியாணி ஆர்டர் பண்ணிடுவேன். “சமைச்சியாடா?”ன்னு கேட்டா, “ஆச்சும்மா, சூப்பரா இருந்துச்சு”ன்னு சொல்லிடுவேன்.

போன மாசம் அம்மா என் ரூமுக்கு வந்தாங்க. தண்ணி எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாங்க. உள்ள அதே பை. வெண்டைக்காய் கறுத்துப் போய் கொழகொழன்னு இருக்கு. ஒரு வார்த்தை திட்டல. பையைக் குப்பையில போட்டுட்டு, டிரேயைக் கழுவித் துடைச்சு வெச்சாங்க. திட்டியிருந்தா கூட பரவாயில்லைன்னு தோணுச்சு.

அதுக்கப்புறம்தான், ஃபிரிட்ஜுல வெச்சும் ஏன் கெட்டுப்போச்சுன்னு தேடிப் படிச்சேன்.

காயைப் பறிச்ச பிறகும் அதுக்கு உயிர் இருக்கு. அது சுவாசிச்சுக்கிட்டே இருக்கும். செடியில இருந்து சாப்பாடு வராததால, உள்ள சேர்த்து வெச்சிருக்கிற சர்க்கரையைத்தான் எடுத்துச் செலவு பண்ணும். கூடவே தண்ணியும் ஆவியாகும். பறிச்ச அன்னைக்கு இருக்கிற இனிப்பும் மொறுமொறுப்பும் நாலு நாள்ல காணாமப் போறதுக்கு இதுதான் காரணம்.

குளிர்ல வெச்சா இந்தச் சுவாசம் குறையும். கீரை, மல்லி, கேரட், முட்டைக்கோஸுக்கெல்லாம் அது நல்லது. ஆனா வெண்டை, கத்திரி, தக்காளி எல்லாம் வெயில் ஊர்ச் செடிங்க. வீட்டு ஃபிரிட்ஜ் சுமார் 4 டிகிரியில ஓடும். அந்தக் குளிர் பல நாள் பட்டா வெண்டையிலும் கத்திரியிலும் பள்ளமும் கறுப்புப் புள்ளியும் விழும். தக்காளி அழுகாம இருக்கும், வாசனை போயிடும். அதனால பழுத்த தக்காளியை வெளிய வெச்சு சீக்கிரம் தீர்த்துடுங்க. வெண்டையை ஈரமில்லாமத் துடைச்சு, பேப்பர்ல சுத்தி, ஃபிரிட்ஜுல குளிர் கம்மியா இருக்கிற இடத்துல வெச்சு, ரெண்டு மூணு நாள்ல சமைச்சிடுங்க. பிளாஸ்டிக் பைக்குள்ள வேர்த்து நிக்கிற ஈரம்தான் பெரிய வில்லன்.

சமையலுக்கு வருவோம். வெண்டையை முழுசாக் கழுவி, நல்லாத் துடைச்சுட்டு அப்புறம் நறுக்கணும். நறுக்கிட்டுக் கழுவினா வழவழப்பு தண்ணியோட சேர்ந்து கூடிடும். ரெண்டு ஸ்பூன் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, காஞ்ச மிளகாய். காயைப் போட்டு, மூடாம, மிதமான தீயில பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வதக்குங்க. உப்பு கடைசியில. முதல்லயே போட்டா காய் தண்ணி விட்டுடும். இன்னும் வழவழன்னு இருந்தா ஒரு ஸ்பூன் தயிர் விடுங்க, புளிப்பு அதை முறிச்சிடும். மேல கொஞ்சம் தேங்காய்த் துருவல். முடிஞ்சது.

முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தா ஒரு மீட்டிங்கே முடிஞ்சிடும். அதுக்கு அம்மாவோட ஹேக் ஒண்ணு இருக்கு: ராத்திரி துணியில சுத்தி வெச்சா, காலையில உதறினாலே பாதி இலை தானா உதிர்ந்திடும். சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, கீரையைப் போட்டு, கையால கொஞ்சம் தண்ணி தெளிச்சு வேக வைங்க. இதையும் மூடாதீங்க. வேகும்போது கீரையில இருந்து அமிலம் வெளிய வரும். மூடினா அது உள்ளயே தங்கி, பச்சையத்துல இருக்கிற மெக்னீசியத்தை வெளியேத்திடும். பச்சை மங்கி பழுப்பாகிடும்.

“எங்களுக்குக் கொல்லை இல்லையே ப்ரோ”ன்னு கேக்குறீங்களா? பால்கனியில நாலு மணி நேரம் வெயில் விழுந்தா போதும், ஒரு அகலத் தொட்டியில முளைக்கீரை விதை தூவுங்க. மூணு நாலு வாரத்துல பறிக்கலாம். வெண்டைக்கு வெயில் இன்னும் அதிகமா வேணும், காய்க்க ஒன்றரை மாசம் ஆகும். காய்க்க ஆரம்பிச்சா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பறிக்கணும், இல்லேன்னா முத்திடும். நுனியை ஒடிச்சுப் பாருங்க. பட்டுன்னு ஒடிஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல்.

போன ஞாயித்துக்கிழமை ஊர்ல இருந்து வந்த அன்னைக்கே வெண்டைக்காய் பொரியல் பண்ணி, தட்டோட போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்சம் தீஞ்சிருந்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு வாய்ஸ் நோட் வந்துச்சு: “தீயைக் குறைச்சு வெச்சிருக்கணும்டா. சரி, அடுத்த வாரம் கத்திரிக்காய் தரவா?”

தரச் சொல்லிட்டேன். நீங்களும் இந்த வாரம் ஒரு காய், ஒரு வேளை சமைச்சுப் பாருங்க. தீஞ்சாலும் எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!