விடுத்தவர் யார், பெற்றவர் யார்?

இலங்கைச் சுதந்திரச் சட்டம் 1947 டிசம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இலக்கணம் கற்பிப்பவனாகிய யான் அதன் வினைச்சொற்களையே முதலில் நோக்கினேன். ‘இறைமையைக் கொடுத்தோம்’ என்னும் உடன்பாட்டு வினை அதில் யாண்டும் இல்லை. 1948 பெப்ரவரி 4 முதல், இலங்கை வேண்டி இசைந்தாலன்றிப் பிரித்தானியச் சட்டம் எதுவும் இங்குச் செல்லாது. இலங்கையின் ஆட்சிக்குப் பிரித்தானிய அரசாங்கம் பொறுப்பன்று. தலையாய விதிகள் இரண்டும் எதிர்மறை! பெயரிலே சுதந்திரம் உண்டு. நோக்கங்கூறும் நெடுந்தலைப்பிலோ ‘முழுப் பொறுப்புடைய நிலை’ என்றே உளது. இடையே விவாகரத்து வழக்குகளுக்கும் ஒரு பிரிவு ஒதுக்கியிருப்பது வேடிக்கைதான்.

விடுத்தவர் யாரென்பது தெளிவு. பெற்றவர் யார்? இதற்கான விடையை அச்சட்டத்தில் அன்று, 1946ஆம் ஆண்டுச் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவிலேதான் தேடவேண்டும். ஓர் இனத்தார்மீதோ சமயத்தார்மீதோ, ஏனையோர்க்கில்லாத குறையைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது அப்பிரிவு. மலைநாட்டுத் தமிழரின் வாக்குரிமை வழக்கு 1953இல் கோமறைக் கழகத்தின்முன் சென்றபோது அது கைகொடுக்கவில்லை. எனினும் அதே கழகம் 1964இல், இந்நாட்டு மக்கள் தமக்குள் யாப்பை ஏற்றுக்கொண்ட அடிப்படை நிபந்தனை அதுவே, மாற்றவொண்ணாதது எனக் கூறிற்று.

கொடுத்தவனிடம் பெற்ற உரிமையைவிட, நமக்குள் நாம் செய்துகொண்ட இவ்வுடன்பாடே பெரிதென்பது என் துணிபு. 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பில் அப்பிரிவு இடம்பெறவில்லை. அடிப்படை உரிமைகள் பற்றிய பிரிவொன்று வந்தது உண்மையே; ஆயின் அவற்றைச் சட்டத்தால் மட்டுப்படுத்தும் அதிகாரம் தேசிய அரசுப் பேரவையின் கையிலேயே விடப்பட்டது.