ரிட்ஜ்: காடு போய் பச்சை வந்த கதை

ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் படியேறிய தில்லித் தமிழர்கள் எல்லோரும் அரவல்லி மலையை மிதித்தவர்கள்தான். முருகன் நிற்கும் அந்தச் சின்னக் குன்று, குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியானா கடந்து வரும் அரவல்லித் தொடரின் சிதறல்களில் ஒன்று. இமயமலையைவிட நூறு கோடி ஆண்டுக்கும் மேல் மூத்த பாறை அது. இந்தத் தொடர் தெற்கே பாட்டி கிராமத்தருகே தில்லிக்குள் நுழைந்து, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஓடி, வடக்கே வசீராபாத்தில் யமுனைக் கரையில் முடிகிறது. தில்லிக்காரர்கள் இதை 'ரிட்ஜ்' என்கிறார்கள். கோடையில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் புழுதிக் காற்றைத் தடுப்பதும், மழைநீரைப் பாறை வெடிப்புகள் வழியே நிலத்தடிக்கு இறக்குவதும் இந்த மேடுதான்.

அன்று

14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் இந்த மேட்டில் வேட்டை மாளிகைகள் கட்டினார். மால்ச்சா மகால், பூலி பட்டியாரி மகால் ஆகியவற்றின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். சுல்தானின் வேட்டைக்கு மாளிகை கட்டும் அளவுக்கு இங்கே விலங்குகள் இருந்தன.

அந்தக் காடு எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. தில்லி எல்லையைத் தாண்டியதும், ஹரியானாவின் பரீதாபாத் மாவட்டத்தில் மங்கர் பனி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. சுற்றியுள்ள குஜ்ஜர் மக்கள் குதரியா தாஸ் பாபாவின் பெயரால் காத்துவரும் கோயில்காடு அது. அங்கே ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்க மாட்டார்கள். அந்தச் சரிவுகளை மூடியிருப்பது 'தௌ' என்ற மரம். நம்மூர் வெக்காலிக்கு நெருங்கிய உறவு. பெரிதாக வளராது. தாழ்ந்து தொங்கும் கிளைகளில் கட்டைவிரல் நகம் போன்ற சிற்றிலைகள். குளிர்காலத்தில் அந்த இலைகள் செம்பு நிறத்துக்கு மாறி உதிர்ந்துவிடும். மலையே காய்ந்துவிட்டது போலத் தெரியும். முதல் மழை பெய்ததும் முழுச் சரிவும் தளிர்விடும். வேரிலிருந்தே புதுக்கன்று விடும் மரமாதலால், மண்ணே இல்லாத பாறையிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தௌ மட்டுமல்ல, புரசு, வெள்வேலம், உகா, இலந்தை என்று ஆண்டில் பல மாதம் வறட்சியைத் தாங்கும் மரங்களும், இடையிடையே புல்வெளியும் சேர்ந்ததுதான் அரவல்லிக் காடு. அது எப்போதும் பச்சையாக இருக்கும் காடல்ல. பருவத்துக்கு ஏற்ப நிறம் மாறும் காடு.

அந்த நிறமாற்றம் ஆங்கிலேயர் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. 1911இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். ஆடு மாடு மேய்ந்தும் விறகுக்கு வெட்டியும் ரிட்ஜின் பெரும்பகுதி அதற்குள் மொட்டையாகிவிட்டது. வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னணியாக ஆண்டு முழுதும் பசுமை வேண்டும் என்று முடிவாயிற்று. 1913இல் ரிட்ஜின் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்து, கிராமத்தாரின் மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். பிறகு அந்தப் பாறையிலும் முளைக்கும் ஒரு மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள்.

அந்த மரத்தைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அங்கே அதற்கு 'விலாயதி கீக்கர்' என்று பெயர். நமக்கு சீமைக் கருவேலம். 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து விதையாக அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைக்கு வந்து, பிறகு இந்தியா முழுதும் பரவிய அதே மரம். ராமநாதபுரத்துக் கண்மாயை அடைத்ததும் அதுதான், இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாகிவிட்ட அந்த வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னால் அடர்ந்து நிற்பதும் அதுதான்.

இன்று

வானிலிருந்து பார்த்தால் தில்லி பசுமையாகத்தான் இருக்கிறது. இந்திய வனக் கணக்கெடுப்பின்படி தில்லியின் வனப்பரப்பு சுமார் 195 சதுர கிலோமீட்டர். நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 சதவீதம். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதம் மர நிழல் இருந்தால் அந்தக் கணக்கில் அது வனம். என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி அதில் இல்லை. பூங்காவும் சேரும், சீமைக் கருவேலமும் சேரும்.

கீழே இறங்கி நடந்தால்தான் உண்மை தெரியும். சீமைக் கருவேலத்தின் அடர்ந்த நிழலிலும், அதன் இலைச்சத்து இறங்கிய மண்ணிலும் மற்ற கன்றுகள் தலையெடுப்பது கடினம். வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். நெற்றைத் தின்னும் ஆடு மாடுகள் போகுமிடமெல்லாம் விதைத்துவிட்டு வரும். புல்லும் புதரும் போனால் பூச்சி போகும், பூச்சியை நம்பிய பறவை போகும். பச்சை மிஞ்சும், காடு மிஞ்சாது.

அந்தப் பச்சைக்கும் இப்போது உறுதி இல்லை. 1994இல் ஏறத்தாழ 7,777 ஹெக்டேர் ரிட்ஜ் நிலத்தைக் காப்புக்காடாக்க முதல் அறிவிப்பு வந்தது. நிலத்தின் மீதான உரிமைகளைத் தீர்த்து, இறுதி அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. அதற்கு 2021இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது. அதன் பின்னும் இழுபறி தொடர்ந்தது. எல்லை உறுதியாகாத நிலத்தில் பண்ணை வீடு எழும், குப்பை விழும், சாலை நுழையும்.

2024 பிப்ரவரியில் தெற்கு ரிட்ஜில் ஒரு மருத்துவமனைக்குச் செல்லும் சாலையை அகலப்படுத்த, உச்ச நீதிமன்ற அனுமதியின்றி ஏறத்தாழ 1,100 மரங்களை வெட்டினார்கள். வெட்டியது தில்லி வளர்ச்சி ஆணையம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதை நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பளித்து, 185 ஏக்கரில் காடு வளர்க்க உத்தரவிட்டது. தில்லியில் ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்பது விதி. ஆனால் எங்கோ நடும் பத்துக் கன்று, வெட்டிய இடத்துக் காட்டுக்கு ஈடாகாது. மரத்தை நட்டு எண்ணலாம். மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்பின்னலையும், விலங்கு நடந்து தேய்ந்த வழியையும் அப்படி நட்டு எண்ண முடியாது.

திரும்பி வந்தவை

இத்தனைக்கும் நடுவே, இந்தக் காட்டை மீட்கலாம் என்பதற்கு ரிட்ஜிலேயே ஆதாரம் உண்டு. வசந்த் விஹாருக்கு அருகே கல்லும் மண்ணும் தோண்டிக் கைவிட்ட 692 ஏக்கர் நிலத்தை, தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு தலைமையிலான குழு அரவல்லி பல்லுயிர்ப் பூங்காவாக மாற்றியது. சீமைக் கருவேலத்தை அவர்கள் ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. மேற்கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விட்டு, அந்த வெளிச்சத்தில் தௌ, புரசு போன்ற மண்ணின் மரங்களை வளர்த்தார்கள். அவை உயர உயர, சீமைக் கருவேலம் பின்வாங்குகிறது.

தெற்கே, தில்லியின் கட்டடங்களுக்குச் செம்மண் நிற பதர்பூர் மணலைத் தோண்டிக் கொடுத்த பாட்டிச் சுரங்கம் 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, அசோலா சரணாலயத்தோடு சேர்ந்தது. இன்று அசோலா பாட்டி சரணாலயம் 32.71 சதுர கிலோமீட்டர். மரம் நடுவதற்கென்றே ராணுவத்தின் ஒரு பிரிவு 2000ஆம் ஆண்டு முதல் அங்கே உழைக்கிறது. சுரங்கக் குழிகள் மழைநீர் தேங்கி ஏரிகளாகிவிட்டன. தானியங்கி கேமராக்கள் கழுதைப்புலியையும், 2022ஆம் ஆண்டுக் கணக்கில் எட்டுச் சிறுத்தைகளையும் பதிவு செய்திருக்கின்றன. இரண்டு கோடி மக்களுக்குப் பக்கத்தில் சிறுத்தை வாழ்கிறது என்றால், இடம் விட்டால் காடு திரும்பும் என்றுதான் பொருள்.

அந்த இடத்தை விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்ற அறிவிப்பைக் கேட்டுக் கைதட்டுவதை நாம் நிறுத்த வேண்டும். என்ன மரம் நட்டீர்கள், ஐந்து ஆண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது, அந்த நிலம் சட்டப்படி காடாகப் பதிவாகிவிட்டதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். தில்லியில் இருப்பவர்கள் ரிட்ஜுக்காகவும், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ப் புறம்போக்குக்கும் மலைக்குமாகவும் கேட்கட்டும். கேட்பவர் இருக்கும் காடுதான் நிற்கும்.