புது லேப்டாப்பும் கம்பியில்லா இணையமும்

பிள்ளைகள் வாங்கித் தந்த புது லேப்டாப்பில் வைஃபை இணைப்பது எப்படி என்று நம் சங்க அன்பர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும்: வைஃபை வேறு, இணையம் வேறு. இணையம் பெரும்பாலும் கம்பி வழியாகவே வீட்டுக்கு வருகிறது. அதை அறைக்குள் வானொலி அலைகளாகப் பரப்புவது ரவுட்டர் என்னும் சிறு பெட்டி.

விண்டோஸ் லேப்டாப் என்றால், திரையின் வலது கீழ்மூலையில் விசிறி போன்ற குறியை அழுத்துங்கள். பெயர்ப் பட்டியல் விரியும். தாராவி போல் வீடுகள் ஒட்டியிருக்கும் இடங்களில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதில் வரிசையாக நிற்கும். உங்களுடைய பெயரும் கடவுச்சொல்லும் பொதுவாக ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். இணைப்புக் கொடுக்க வந்தவர் மாற்றியிருந்தால் அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து பிசகக்கூடாது.

பெயர் 2.4, 5 என்று இரண்டாக வந்தால், 5 வேகமானது. ஆனால் மாட்டுங்காவின் பழைய கட்டடச் சுவர்களைத் தாண்டத் திணறும். உள்ளறைக்கு 2.4 போதும்.

இணைந்த பிறகும் 'இணையம் இல்லை' என்றால் லேப்டாப்பைத் திட்டாதீர்கள். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு கம்பியில்தான், இணைப்புக்காரரை அழையுங்கள்.

ரயில் நிலைய வைஃபை தனி ரகம். 2016 ஜனவரியில் ரெயில்டெல், கூகுளின் துணையோடு மும்பை சென்ட்ரலில் அதைத் தொடங்கியது. கைபேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைத் திரையில் இட வேண்டும். அந்த எண்ணைப் பக்கத்தில் நிற்பவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கிக் கணக்கை அங்கே திறக்காமல், வீட்டுக்கு வந்து திறந்துகொள்ளுங்கள்.