சட்டக் கல்விக்குக் கலைக் கல்வி செய்யும் துணை

முதியவர் ஒருவர் தம் மரணசாதனத்தில், குடியிருந்த வீட்டையும் வளவையும் தம் 'மருமகனுக்கு' எழுதி வைத்து இறந்தார் எனக் கொள்வோம். மகளை மணந்தவரும் மருமகன். உடன்பிறந்தாள் புதல்வரும் மருமகன். வீடு எவரைச் சாரும்? ஒரு குடும்பத்தின் உறையுளே ஒரு சொல்லின் பொருளைப் பற்றி நிற்கின்றது. சட்டப் பிரிவுகளை மனனஞ் செய்தவர் என்பதனால் மட்டும் ஒருவர் இதற்கு விடை காணல் இயலாது. அவ்வூர் வழக்கில் அச்சொல் எவரைக் குறித்தது, அச்சாதனத்தின் ஏனைய பகுதிகளில் அது எவ்வாறு ஆளப்பட்டது, எழுதியவர் எந்நிலையில் இருந்தார் என்பனவெல்லாம் ஆராயப்படல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்கு அறிவைப் பழக்குவனவே மொழி, இலக்கியம், வரலாறு, தருக்கம் முதலிய கலைகள்.

கூரிய மாணவன் மருத்துவத்திற்கோ பொறியியலுக்கோ உரியவன், எஞ்சியோரே கலைப்பிரிவிற்கு உரியர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. சட்டத்துறையை நாடும் மாணவனும், "இலக்கியமும் வரலாறும் எனக்கு எதற்கு?" என வினவுகின்றான். சட்டபீடத்திற்கோ சட்டக்கல்லூரிக்கோ புகுவதற்குக் கலைப்பிரிவிற் பயின்றிருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை என்பது உண்மையே. விஞ்ஞானம் பயின்று சிறந்த சட்ட வல்லுநரானோரும் உளர். எனினும், சட்டத்துறையில் நாடோறும் செய்யப்படும் தொழில் யாது என்பதைச் சிறிது நோக்குவோமாயின், கலைக் கல்வியின் பயன் தானே விளங்கும்.

முதலாவது வரலாறு. இலங்கையின் சட்டம் ஒரே காலத்தில் ஒருவரால் ஆக்கப்பட்டதன்று. 1799 ஆம் ஆண்டின் பிரகடனத்தால் ஆங்கிலேயர் இங்கு நிலைபெறச் செய்த உரோமன் டச்சுச் சட்டத்திற்கு மூல நூல்களுள் ஒன்றை இயற்றிய குரோசியஸ் என்பார், சட்ட அறிஞராக மட்டுமன்றிக் கவிஞராயும் வரலாற்றாசிரியராயும் விளங்கியவர். லூவெஸ்டீன் கோட்டையிற் சிறையிருந்த காலத்தில் அவர் எழுதிய அந்நூல் 1631 இல் வெளிவந்தது. நமது தேசவழமையோ 1706 இல் ஒல்லாந்த ஆளுநரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பெற்று, தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரின் உடன்பாடு பெற்றது. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதி செய்தனர்.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன அதன் ஆணிவேரான சொற்கள். 'தேடியதேட்டம்' என்பதற்கு 1911 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. 1947 இல் வந்த திருத்தம் அதனை மாற்றியது. வீட்டிற் புழங்கிய ஒரு தமிழ்ச்சொல், கணவன் மனைவியரின் சொத்துரிமையை வரையறுக்கும் சட்டச்சொல்லாகி, அதன் எல்லையும் காலத்தோடு மாறியது. இம்மாற்றத்தை அறியாதார் ஒரு பழைய உறுதியைப் படித்துப் பொருள் கொள்ளப் புகின் இடர்ப்படுவர்.

இரண்டாவது மொழியும் இலக்கணமும். நன்னூல் காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை என ஐந்து உறுப்புக் கூறும். சட்டப் பிரிவொன்றின் பொருளை நீதிமன்றில் நிறுவுவோரும் ஏறக்குறைய இம்முறையையே கைக்கொள்கின்றனர். அந்நூல் விலக்கும் குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் என்பனவும் உள்ளன. தாம் வரைந்த வழக்குரையை நீதிமன்றில் இடுமுன், இக்குற்றங்கள் உளவோ என நோக்கும் சட்டத்தரணி பெரிதும் பயனடைவார்.

மூன்றாவது தருக்கம். காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளைச் சைவசித்தாந்தம் பயின்றோர் அறிவர். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டம், கண்ணாற் காணத்தக்க செய்தியைக் கண்டவரே வாய்மொழியாகக் கூறல் வேண்டும் என விதிக்கின்றது. கண்டார் எவருமில்லாதவிடத்துச் சூழ்நிலையைக் கொண்டு உய்த்துணர்தல் வேண்டும். புகையென்று கருதியது பனிமூட்டமாயின் நெருப்பென்று துணிந்ததும் பிழையாகும். ஏதுவிற்கும் ஏதுப்போலிக்கும் வேறுபாடு அறியாமையால் குற்றமற்றவர் சிறை புகவுங் கூடும்.

இவையனைத்தும் ஒருவரிடத்தே பொருந்தியமைக்குச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் (1832–1901) தக்க சான்றாவார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய அவர், பின்னர்ச் சட்டப் பட்டமும் பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராயும் புதுக்கோட்டையில் நீதிபதியாயும் கடமையாற்றினார். 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். பல ஏடுகளை ஒப்புநோக்கி, எழுதினோர் பிழை இது, மூலபாடம் இது எனத் துணிதல் பதிப்பாசிரியர் கடன். முரண்படும் சாட்சிகளை ஒப்புநோக்கி உண்மை துணிதல் நீதிபதி கடன். இரண்டிற்கும் வேண்டப்படும் அறிவு ஒன்றே.

ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். பிறர் எழுதிய குறிப்புக்களை மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் இறக்கி வைப்பது கலைக் கல்வியாகாது. அதனாற் சட்டத்திற்கும் பயனில்லை, கலைக்கும் பயனில்லை. மூல நூலைத் தாமே படித்தல், ஐயுற்று வினவுதல், எதிர்ப்பக்கத்தார் கூற்றையும் நேர்மையுடன் எடுத்துரைத்தல், தெளிவாக எழுதுதல் ஆகிய நான்கும் பழகுவோர்க்கே அக்கல்வி பயன் தரும்.

ஆகவே, சட்டத்துறையை நாடும் மாணவர்கள் கலைப்பாடங்களை எளியன என்று எண்ணாது ஊன்றிக் கற்பார்களாக. பெற்றோரும் பழைய மாணவரும் கலைப்பிரிவு மாணவனை இரண்டாந்தரத்தான் என எண்ணாதிருப்பார்களாக. நாளை ஒரு விதவையின் சீதனக் காணியோ, ஓர் ஏழையின் விடுதலையோ அவன் ஒரு வாக்கியத்தைப் படித்துப் பொருள் கொள்ளும் திறத்தைப் பற்றி நிற்றல் கூடும்.