ஜாவா வலைச் செயலிகளில் வழங்கிப் பிழைகள்

வழங்கிப் பிழை என்பது, உலாவி அனுப்பிய வேண்டுகோள் சரியாக இருந்தும், சர்வர் எனப்படும் வழங்கியால் அதை நிறைவேற்ற முடியாமல் போகும் நிலையாகும். எச்டிடிபி நெறிமுறையில் இந்நிலை 500 முதல் 599 வரையிலான மூன்று இலக்க எண்களால் அறிவிக்கப்படுகிறது. 400 வரிசை எண்கள் தவறு கேட்டவர் பக்கம் என்று சொல்கின்றன. 500 வரிசை எண்கள் தவறு தன் பக்கம் என்று வழங்கியே ஒப்புக்கொள்வதைக் குறிக்கின்றன. ஜாவா மொழியில் எழுதப்படும் வலைச் செயலிகளில் இப்பிழைகளைக் கையாளும் முறையையும், அவற்றைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முக்கியப் பிழை எண்கள்

* 500 – வழங்கியின் உள்ளே எதிர்பாராத பிழை. பெரும்பாலும் நிரலில் பிடிக்கப்படாத விதிவிலக்கு இதற்குக் காரணமாகும்.
* 501 – கேட்கப்பட்ட செயல்முறை வழங்கியில் இல்லை.
* 502 – முன்னால் நிற்கும் இடைவழங்கிக்குப் பின்னாலிருக்கும் வழங்கியிடமிருந்து முறையான விடை கிடைக்கவில்லை.
* 503 – வழங்கி தற்காலிகமாகச் சேவை தர இயலாத நிலையில் உள்ளது. கூட்ட நெரிசலும் பராமரிப்புப் பணியும் வழக்கமான காரணங்கள்.
* 504 – இடைவழங்கி காத்திருந்தும் குறித்த நேரத்துக்குள் விடை வரவில்லை.

இவற்றின் பொருளை இன்று வரையறுப்பது 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9110 என்னும் ஆவணமாகும். 503 விடையுடன் 'ரீட்ரை-ஆஃப்டர்' என்ற தலைப்பு வரியையும் அனுப்பலாம். எத்தனை விநாடி கழித்து மீண்டும் வரவேண்டும் என்பதை அது தெரிவிக்கும்.

பிழை ஏன் நேர்கிறது: பத்து மணிக் கூட்டம்

மார்கழி மாத வைகுண்ட ஏகாதசிக்குச் சென்னையிலிருந்து ஸ்ரீரங்கம் வர விரும்புவோரும், பொங்கலுக்குத் திருச்சிராப்பள்ளி திரும்புவோரும் தட்கல் பயணச்சீட்டுக்காகக் காலையில் கணினி முன் அமர்வது வழக்கம். 2015 ஜூன் முதல் குளிர்சாதனப் பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும் தட்கல் முன்பதிவு தொடங்குகிறது. நாடு முழுவதிலுமிருந்து வேண்டுகோள்கள் ஒரே நொடியில் குவிகின்றன.

ஐஆர்சிடிசி இணையவழி முன்பதிவு அமைப்பு 2014-இல் விரிவாக்கப்பட்டபோது, அதன் திறன் நிமிடத்துக்கு 2,000 சீட்டுகளிலிருந்து 7,200 சீட்டுகளாகவும், ஒரே நேரத்துப் பயனர் எண்ணிக்கை 40,000-இலிருந்து 1,20,000 ஆகவும் உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. நிமிடத்துக்கு 7,200 என்பது நொடிக்கு 120 ஆகும். 1,20,000 பேரும் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்தினால், கடைசி நபருக்கு விடை கிடைக்க 1,000 நொடிகள், அதாவது 16 நிமிடம் 40 நொடிகள் ஆகும். அவ்வளவு நேரம் எந்த உலாவியும் பொறுமையாகக் காத்திராது. ஆகவே எவ்வளவு பெரிய அமைப்பிலும் 503, 504 பிழைகள் வரக்கூடும் என்று எண்ணியே நிரலை எழுத வேண்டும்.

சிறிய செயலிகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஜாவா செயலிகளை இயக்கும் டாம்கேட் வழங்கியில், இயல்பாக 200 இழைகள் வரை வேலை செய்யும். ஒரு வேண்டுகோளுக்கு 0.1 நொடி ஆனால் நொடிக்கு 2,000 வேண்டுகோள்களை முடிக்கலாம். தரவுத்தளம் சுணங்கி ஒவ்வொன்றுக்கும் 2 நொடி ஆனால், நொடிக்கு 100 மட்டுமே முடியும். நிரலில் ஒரு வரிகூட மாறாமலேயே செயலியின் திறன் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கோயில் வாசலில் வரிசை நகராமல் நின்றால் பின்னால் கூட்டம் பெருகுவது போன்றதே இது.

சர்வ்லெட் முறையில் கையாளுதல்

ஜாவா சர்வ்லெட்டில் பிழையை அறிவிக்க இரண்டு வழிகள் உள்ளன. 'செண்ட்எரர்' என்ற செயற்கூறு, எண்ணைக் குறிப்பதோடு முன்பே அமைத்து வைத்த பிழைப் பக்கத்தையும் வரவழைக்கும். 'செட்ஸ்டேட்டஸ்' எண்ணை மட்டும் மாற்றும். பிழைப் பக்கத்தை அழைக்காது. விடையின் ஒரு பகுதி உலாவிக்குச் சென்றுவிட்ட பிறகு 'செண்ட்எரர்' அழைக்கப்பட்டால், அதுவே ஒரு விதிவிலக்கை எறியும். எனவே தரவைச் சரிபார்க்கும் வேலை முழுவதும் விடையை எழுதத் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எந்த எண்ணுக்கு அல்லது எந்த விதிவிலக்குக்கு எந்தப் பக்கம் என்பதை 'வெப்.எக்ஸ்எம்எல்' கோப்பில் குறிப்பிடலாம். அப்பக்கம் எளியதாக இருப்பது நல்லது. தரவுத்தளம் நின்றுபோனதால் வந்த பிழைக்குக் காட்டும் பக்கமே தரவுத்தளத்தைத் தேடிப் போனால், அதுவும் விழுந்துவிடும்.

ஸ்பிரிங் சட்டகத்தில், 'கன்ட்ரோலர் அட்வைஸ்' என்று குறியிடப்பட்ட ஒரே வகுப்பில் செயலி முழுவதற்கும் உரிய பிழை விடைகளை எழுதி வைக்கலாம். இவ்வசதி 2012-இல் வெளியான 3.2 பதிப்பில் வந்தது.

பிழையின் முழு விவரமும் வழங்கியின் பதிவேட்டில் இருக்க வேண்டும். பயனரின் திரையில் வரக்கூடாது. வகுப்புப் பெயர்களையும் தரவுத்தள அட்டவணைப் பெயர்களையும் திரையில் காட்டுவது, வீட்டின் வரைபடத்தை வாசலில் ஒட்டி வைப்பதற்குச் சமம்.

பிழையை உண்டாக்கிச் சோதித்தல்

நல்ல நாளில் மட்டும் சோதிக்கப்பட்ட செயலி, கூட்ட நாளில் எப்படி நடக்கும் என்பது தெரியாது. எனவே பிழைகளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். அதற்கான வழிகள்:

* சோதனைச் சர்வ்லெட் – கேட்ட எண்ணையே விடையாகத் தரும் சிறு சர்வ்லெட்டை எழுதலாம். உண்மையான பயன்பாட்டுக்குச் செல்லும்போது அதை நீக்கிவிட வேண்டும்.
* போலி வழங்கி – ஒயர்மாக் போன்ற கருவிகள், பணம் செலுத்தும் சேவை போன்ற வெளி வழங்கிகளுக்குப் பதிலாக நிற்கும். முதல் முறை 503, இரண்டாம் முறை 200 என வரிசைப்படுத்தியும், விடையைத் தாமதப்படுத்தியும், இணைப்பைப் பாதியில் துண்டித்தும் சோதிக்கலாம்.
* ஜாவாவின் உள் வழங்கி – ஜாவா 6 முதல் உடன் வரும் சிறிய எச்டிடிபி வழங்கியைக் கொண்டு, வேறு கருவி எதுவும் இன்றி மாணவர்கள் பழகலாம்.
* சுமைச் சோதனை – அப்பாச்சி ஜேமீட்டர் மூலம் ஆயிரக்கணக்கான வேண்டுகோள்களை ஒரே நேரத்தில் அனுப்பி, எந்த அளவில் பிழை தொடங்குகிறது என்று அறியலாம். இதைத் தமக்குச் சொந்தமான வழங்கியில் மட்டுமே செய்ய வேண்டும்.

502 பிழையைக் காண, முன்னால் என்ஜின்எக்ஸ் வழங்கியை ஓடவிட்டுப் பின்னாலிருக்கும் டாம்கேட்டை நிறுத்தினாலே போதும். 504 பிழைக்கு, என்ஜின்எக்ஸ் காத்திருக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகச் சர்வ்லெட்டைத் தூங்கவிட வேண்டும்.

மறுமுயற்சியும் இரட்டைப் பணமும்

504 பிழையில் ஒரு முக்கியமான ஐயம் மறைந்துள்ளது. விடை வரவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. பணம் எடுக்கப்பட்டு, சீட்டும் பதிவாகி, தகவல் மட்டும் வழியில் தவறியிருக்கலாம். அந்நிலையில் பயணி மீண்டும் பொத்தானை அழுத்தினால் இருமுறை பணம் போகும். அவசரமாக ஊருக்குப் புறப்படும் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு.

தகவலைப் பார்ப்பதற்கான 'கெட்' வேண்டுகோளை எத்தனை முறை அனுப்பினாலும் தீங்கில்லை. பதிவு செய்யும் 'போஸ்ட்' வேண்டுகோள் அப்படியன்று. எனவே ஒவ்வொரு முன்பதிவு முயற்சிக்கும் தனித்த எண் ஒன்றை உருவாக்கி, வேண்டுகோளுடன் அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் வழங்கி புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய விடையையே திருப்பித் தரும். அந்த எண் இருமுறை பதிவாகாதவாறு தரவுத்தளத்திலும் தடை இருக்க வேண்டும்.

மறுமுயற்சிகளுக்கு இடையே 1, 2, 4, 8 நொடிகள் என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். அதனுடன் சிறு தற்செயல் தாமதத்தையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே நொடியில் திரும்பிவந்து, எழ முயலும் வழங்கியை மீண்டும் வீழ்த்திவிடுவர்.

தவிர்க்க வேண்டிய தவறு

பிழை நேர்ந்த பின்னும் 200 என்ற வெற்றி எண்ணை அனுப்பி, பக்கத்தில் மட்டும் 'மன்னிக்கவும்' என்று எழுதுவது பலரும் செய்யும் தவறு. கண்காணிப்புக் கருவிகளும் பிற செயலிகளும் எண்ணையே பார்க்கின்றன. அவற்றுக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். சரியான எண், 'உங்கள் பணம் எடுக்கப்பட்டதா என்பதை இங்கே பார்க்கவும்' என்பது போன்ற தெளிவான ஒரு வரி, மீண்டும் எப்போது வரலாம் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் பிழை விடையில் இருக்க வேண்டும்.